இரட்டை விண்மீனைக் கண்ட குரு

புனித யோசப் வாஸ் முனிவர் யாழ்ப்பாணத்தில் கால்வைத்த 1687ஆம் ஆண்டிலேயே, பிரான்சிலிருந்து வேறொரு துறவி சீயம் நாட்டுக்குக் கப்பலேறினார். சீயம் இன்றைய தாய்லாந்து ஆகும். அத்துறவியே இயேசு சபைக் குருவான ழான் ரிஷோ அடிகளார். 1633இல் பிறந்த அவர் வானியல் கற்றவர். பதினான்காம் லூயி மன்னர் அங்கு அனுப்பிய கணித வல்லுநரான குருக்களுள் அவரும் ஒருவர்.

ஆனால் 1688இல் சீயத்தில் ஆட்சிப் புரட்சி வெடித்தது. பிரெஞ்சுக்காரர் வெளியேற்றப்பட்டனர். அடிகளார் தம் பணித்தளத்தை இழந்து புதுச்சேரியை அடைந்தார். இடம்பெயர்வின் துயரை அறிந்த வன்னி மக்களுக்கு அந்நிலையை விளக்க வேண்டியதில்லை. வயதோ ஐம்பதைக் கடந்துவிட்டது. எனினும் அவர் சோர்ந்திருக்கவில்லை.

1689 டிசம்பரில் வால்வெள்ளி ஒன்று தோன்றியது. அதனை ஆராய அவர் 12 அடித் தொலைநோக்கியைப் பயன்படுத்தினார். அக்காலத்து ஒற்றை வில்லைகள் காட்சியைச் சுற்றி நிறக் கறையை உண்டாக்கும். குழாயை நீளமாக்கினால் அக்குறை குறையும். அத்தகைய கருவியால் நோக்கியபோது, ஆல்பா செந்தோரி என்னும் ஒளிமிக்க விண்மீன் உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்று கண்டார். இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கியால் செய்யப்பட்ட முதற் கண்டுபிடிப்பாக இதனை வரலாற்றாசிரியர் போற்றுவர்.

1693இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே ஓரியூரில் புனித அருளானந்தர் வேதசாட்சியானார்.

அவர் தொடங்கிவைத்ததைப் பின்வந்தோர் வளர்த்தனர். 1915இல் தென்னாபிரிக்காவில் ராபர்ட் இன்னெஸ், வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த வான் புகைப்படங்களை ஒப்பிட்டு, அவ்விரு விண்மீன்களுக்கு அருகே மங்கலான மூன்றாவது ஒன்றையும் கண்டார். கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் அதுவே. அதன் ஒளி நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும்.

மே, யூன் மாத முன்னிரவில் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தெற்கு நோக்கி நின்றால், தென்சிலுவைக்கு இடப்புறம், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் ஆல்பா செந்தோரியைக் காணலாம். வெறுங்கண்ணுக்கு அது ஒன்றே. சிறிய தொலைநோக்கி போதும், இரண்டாகத் தெரியும். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று பிள்ளைகள் ஏங்க வேண்டாம். எல்லாம் இழந்தபின்னும் இறைவனின் படைப்பை ஊன்றி நோக்கிய அக்குருவின் பொறுமையைப் பெற்றோர் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக.