ஒரே வரிசையில் நின்ற தலைவர்

கீழ்பென்னாத்தூரில் ஓட்டுப் போடும் நாளன்று சாவடிக்குப் போய்ப் பாருங்கள். உழவரும் வியாபாரியும், இந்துவும் முஸ்லிமும் ஒரே வரிசையில் நிற்பார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

1946 தேர்தல் வரை இப்படி இல்லை. வெள்ளையர் ஆட்சியில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி இருந்தது. அங்கே நிற்பவரும் முஸ்லிம். ஓட்டுப் போடுபவரும் முஸ்லிம். அந்த முறை நீடிக்க வேண்டுமென்று வாதாடித் தோற்று, பிறகு பொதுத் தேர்தலிலேயே நின்று வென்றவர் ஒரு தமிழர். அவர்தான் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப். காயிதே மில்லத் என்றால் சமுதாய வழிகாட்டி என்று பொருள்.

1896 ஜூன் 5-ம் தேதி திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பை விட்டார். பின்னர் தோல் வியாபாரம் செய்தார். 1946-ல் சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவரானார்.

மறு ஆண்டு நாடு பிரிந்தது. முஸ்லிம் லீக் தலைவர்கள் பலர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். இவர் பிறந்த மண்ணை விடவில்லை. 1948 மார்ச் 10-ம் தேதி சென்னையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீகுக்குத் தலைமை ஏற்றார்.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் பெரிய விவாதம் நடந்தது. எங்கும் சிதறி வாழும் சிறுபான்மையோர் பொதுத்தொகுதியில் தம் குறையைச் சொல்ல ஆள் அனுப்ப முடியுமா என்பது இவருடைய கவலை. தனித்தொகுதியே பிரிவினைக்கு வித்திட்டது என்பது சர்தார் பட்டேலின் கட்சி. முஸ்லிம் உறுப்பினரான பேகம் ஐஜாஸ் ரசூலும் தனித்தொகுதி வேண்டாம் என்றார். இஸ்மாயில் சாகிபின் திருத்தம் தோற்றது.

தோற்றவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1952-ல் ராஜ்ய சபைக்குச் சென்றார். 1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து லோக் சபைக்குத் தேர்வானார். 1967-ல் தமிழ்நாட்டில் அண்ணாவுடன் கூட்டுச் சேர்ந்தார்.

ஆனால் மஞ்சேரி முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதி. அவர்கள் சிலராக வாழும் ஊர்களைப் பற்றிய அவருடைய கவலை அந்த வெற்றியால் தீர்ந்துவிடவில்லை.

1972 ஏப்ரல் 5-ம் தேதி அவர் காலமானார். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கம் செய்யப்பட்டார். அண்ணா சாலையில் அரசு மகளிர் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2007-ல் தமிழக அரசு, பிற்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் 3.5 சதவீத இடத்தைத் தனியே ஒதுக்கியது.

வரிசை ஒன்றானது நல்லதே. அதில் நிற்கும் ஒவ்வொருவர் குறையும் சபைக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்பதும் அவசியமே. இஸ்மாயில் சாகிப் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு வரிசையை விட்டு விலகாமல் நின்றார்.