ஊசியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்த பாட்டி

குழந்தைகளே! உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார்களா? காலையில் எழுந்ததும் அவர்கள் கைவிரல்களை மெல்ல மடக்கி, நீட்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டப்பா மூடியைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார்கள். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்வார்கள். பாட்டிக்குக் கண் தெரியவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். பல சமயம் காரணம் கண் அல்ல, விரல்! பல ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்த எனக்கே இப்போது பேனா மூடியைக் கழற்றக் கொஞ்சம் நேரம் ஆகிறது. அதனால்தானோ என்னவோ, இந்த வாரம் ஒரு பாட்டியின் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் கிரீன்விச் என்று ஓர் ஊர். நியூயார்க் என்றதும் வானத்தைத் தொடும் கட்டடங்களை நினைத்துவிடாதீர்கள். அது நகரம். இது அந்த நகரத்துக்கு வடக்கே வெகு தொலைவில், மலையும் வயலும் பனியுமாக இருக்கும் கிராமப்புறம். அங்கே 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார் அன்னா மேரி ராபர்ட்சன். கூடப் பிறந்தவர்களையும் சேர்த்து வீட்டில் மொத்தம் பத்துக் குழந்தைகள்!

அப்பாவுக்குப் படம் வரைவதில் விருப்பம் உண்டு. குழந்தைகள் வரைவதற்காக வெள்ளைக் காகிதம் வாங்கி வந்து கொடுப்பார். ஒரு தாள் ஒரு பென்னி. மிட்டாயைவிடக் காகிதம் நல்லது, அது வெகு நாள் இருக்கும் என்பது அவர் எண்ணம். காகிதம் கிடைத்துவிட்டது, வண்ணத்துக்கு எங்கே போவது? சிறுமி அன்னா திராட்சைச் சாற்றையும் எலுமிச்சைச் சாற்றையும் எடுத்துத் தீட்டினாள்.

இந்த விளையாட்டு வெகு காலம் நீடிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அவர் வேறொரு குடும்பத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். உங்களில் பலருக்கு இப்போது அந்த வயதுதான். சமையல், துணி துவைத்தல், தையல், பெரியவர்களுக்குப் பணிவிடை என்று பதினைந்து ஆண்டுகள் பல வீடுகளில் உழைத்தார். ஒரு வீட்டில் மட்டும், சுவரில் மாட்டியிருந்த படங்களை இந்தப் பெண் ஆசையோடு பார்ப்பதைக் கவனித்து, சாக்கும் மெழுகு வண்ணக்குச்சிகளும் வாங்கித் தந்தார்கள். நல்ல மனிதர்கள்!

1887-இல் தாமஸ் சால்மன் மோசஸ் என்ற விவசாயத் தொழிலாளியை மணந்தார். இருவரும் தெற்கே வர்ஜீனியா மாநிலத்துக்குப் போய்ப் பண்ணை நடத்தினார்கள். கணவர் சம்பாதிக்கட்டும் என்று அன்னா சும்மா இருக்கவில்லை. தம் சேமிப்பில் பசு வாங்கி, வெண்ணெய் கடைந்து விற்றார். உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டும் விற்றார். பத்துக் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர்தான் பிழைத்தார்கள். 1905-இல் குடும்பம் மறுபடியும் நியூயார்க் மாநிலத்துக்கே திரும்பி, ஈகிள் பிரிட்ஜ் என்ற ஊரில் பண்ணை வாங்கியது. 1927-இல் கணவர் இறந்தார்.

அந்தக் கைகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அறுபது ஆண்டுகளாகப் பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, மாவு பிசைந்து, துணி பிழிந்து, பழத்தை நறுக்கி ஜாம் காய்ச்சிய கைகள். ஓய்வு என்பது அந்தக் கைகளுக்குத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

1932-இல் மகளுக்குக் காசநோய். பக்கத்து மாநிலமான வெர்மான்டில் பென்னிங்டன் என்ற ஊரில் இருந்த மகளைக் கவனித்துக்கொள்ளப் போனார். அங்கே மகள் ஒரு படத்தைக் காட்டினார். வரைந்த படம் அல்ல, துணியில் கம்பளி நூலால் தைத்த படம். அதேபோல ஒன்று செய்து தரும்படி அம்மாவிடம் கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய அன்னா உட்கார்ந்து தைத்தார். வீடு, மரம், பாலம், பனி எல்லாம் நூலிலேயே வந்தன! அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

அப்போதுதான் விரல்கள் மக்கர் செய்ய ஆரம்பித்தன.

மூட்டுவாதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். அதில் பல வகை உண்டு. எலும்பும் எலும்பும் சேரும் மூட்டுகள் வீங்கும், விறைக்கும், வலிக்கும். விரல்களில் வந்தால் சின்னப் பொருளைப் பிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். வேண்டுமானால் இதைச் செய்து பாருங்கள். ஒரு குண்டூசியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நழுவாமல் இரண்டு நிமிடம் பிடியுங்கள். பிறகு ஒரு தடித்த ஸ்கெட்ச் பேனாவைப் பிடியுங்கள். எதற்கு அதிகம் அழுத்த வேண்டியிருந்தது? ஊசி மெல்லியதாக இருக்க இருக்க, விரல் நுனி மூட்டுகள் அதிகமாக இறுக்க வேண்டும். நல்ல விரலுக்கே இப்படி என்றால், வீங்கிய விரலுக்கு எப்படி இருக்கும்? கம்பளி நூலைத் துணிக்குள்ளே இழுத்து இழுத்து வாங்க வேறு வேண்டும்!

அன்னாவால் ஊசி பிடிக்க முடியவில்லை. வயதும் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இனி என்ன, ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டியதுதான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவருடைய தங்கை செலஸ்டியா வேறு மாதிரி யோசித்தார். ஊசியைவிடத் தூரிகை பிடிப்பது சுலபமாக இருக்குமே, வண்ணம் தீட்டிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். தூரிகையின் காம்பு ஊசியைப்போல மெல்லியது அல்ல. இழுக்க வேண்டியதில்லை, பலகையின்மேல் மெல்லத் தடவினால் போதும்.

வலி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது கூடவேதான் இருந்தது. வலது கை வலித்தால் இடது கைக்குத் தூரிகையை மாற்றிக்கொள்வார். சில மணி நேரம் வேலை செய்தால் கை தளர்ந்துவிடும். அதனால் கை நடுங்காமல் இருக்கும் முதல் நேரத்தையே அவர் பெரிதும் விரும்பினார். ஓவியர்கள் படத்தை நிறுத்தி வைத்து வரையும் மரச்சட்டமெல்லாம் அவரிடம் இல்லை. பழைய சமையலறை மேசையில் பலகையைப் படுக்க வைத்து, சுழலும் பழைய நாற்காலியில் இரண்டு தலையணைகளைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பலகைக்கு வெள்ளை பெயின்ட் மூன்று முறை பூசுவார். முதலில் வானம், பிறகு மலை, பிறகு நிலம், கடைசியில் மனிதர்களும் மாடுகளும். மிகச் சின்னக் கோடுகளுக்குத் தீக்குச்சியும் குண்டூசியும் உதவின. ஊசி முழுதாக அவரை விட்டுப் போகவில்லை பார்த்தீர்களா?

தையல் வேலை வீணாகவும் இல்லை. நூலைத் தண்ணீரில் கரைத்துக் கலக்க முடியாது. ஒரு பச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சையை வைத்துத்தான் மலை செய்ய வேண்டும். அதே பழக்கத்தில்தான் வண்ணங்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். பனி மினுமினுக்க வேண்டும் என்று ஜிகினாத் தூளையும் தூவிவிடுவார். படம் தெரிந்தவர்கள் அது கூடாது என்றார்கள். வெயில் பட்டால் பனி மின்னத்தானே செய்யும் என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம்தான்!

எதை வரைந்தார்? மனதில் இருந்ததை. மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு இறக்கி, பனிக்கு நடுவே அண்டாவில் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பது, நம் ஊரில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதுபோல. சோப்பு காய்ச்சுவது, மெழுகுவத்தி வார்ப்பது, ஊர்ப் பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது. எல்லாம் கை வேலைகள்! தம் கை செய்ய முடியாமல் போனதையெல்லாம் படத்தில் வேறு யாரோ குட்டிக் குட்டி மனிதர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு முறை கண்காட்சிக்கு ஜாம், பதப்படுத்திய பழங்களோடு சில ஓவியங்களையும் அனுப்பினார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது. ஓவியத்துக்கு ஒன்றுமில்லை.

பிறகு சில ஓவியங்கள் ஹூசிக் ஃபால்ஸ் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் கிடந்தன. 1938-இல் அந்த வழியாக வந்த லூயி கால்டர் என்பவர் கண்ணில் அவை பட்டன. ஓவியம் சேர்ப்பதில் ஆசை உள்ள அவர், கடையில் இருந்த அத்தனையையும் வாங்கிவிட்டு, வீட்டையும் தேடிப் போனார். பாட்டி வீட்டில் இல்லை. இன்னும் பத்துப் படம் இருக்கும், நாளைக்கு வாருங்கள் என்று மருமகள் சொல்லி அனுப்பிவிட்டார். பாட்டி வந்து தேடினால் ஒன்பதுதான் இருக்கிறது! சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே? ஒரு பெரிய படத்தை இரண்டாக வெட்டிச் சட்டம் போட்டுப் பத்தாக்கிவிட்டார். அப்போது ஒரு படத்தின் விலை மூன்று டாலர், ஐந்து டாலர் அளவுதான்.

கால்டர் நியூயார்க் நகரத்து வியாபாரிகளிடம் படங்களைக் கொண்டுபோனார். பாட்டியின் வயதைக் கேட்டதும் பலர் பின்வாங்கினார்கள். இவ்வளவு வயதானவர் இனி எத்தனை படம் வரையப்போகிறார், செலவு செய்தது திரும்பி வருமா என்பது அவர்கள் கணக்கு. ஆட்டோ காலிர் என்பவர் மட்டும் துணிந்தார். 1940 அக்டோபரில், பாட்டிக்கு எண்பது வயதானபோது, முதல் தனிக் கண்காட்சி நடந்தது. அடுத்த மாதம் கிம்பெல்ஸ் என்ற பெரிய கடையிலும் படங்களை வைத்தார்கள். பாட்டியே நேரில் வந்தார். கலையைப் பற்றிப் பேசுவார் என்று கூட்டம் காத்திருந்தது. அவரோ ஜாம் செய்வதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்! பத்திரிகைகள் அவரைக் கிராண்ட்மா மோசஸ், அதாவது மோசஸ் பாட்டி என்று எழுதின. உலகம் முழுவதும் அந்தப் பெயரே நிலைத்தது.

வியாபாரிகளின் கணக்கு எவ்வளவு தப்பு தெரியுமா? அதன்பிறகு அவர் இருபத்தொரு ஆண்டுகள் இருந்தார். வாழ்நாளில் 1,500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தார். சுமார் இருபத்தைந்து ஆண்டுகளில் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்றுக்கும் மேல் வருகிறது! அவை வாழ்த்து அட்டைகளாகவும் வீடு வீடாகப் போயின. 1949-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையால் விருது பெற்றார். ட்ரூமன் அவருக்குப் பியானோ வாசித்தும் காட்டினார். மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் காட்சியை 1943-இல் வரைந்த ஒரு படம், 2006-இல் பத்து லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

நூறு வயது நிறைந்த பிறகும் இருபத்தைந்து படங்கள் வரைந்தார். 1961-இல் வரைந்த ஒன்றில் வானவில் இருக்கிறது.

அந்த ஆண்டு உடல் தளர்ந்து, ஹூசிக் ஃபால்ஸில் உள்ள மருத்துவ இல்லத்தில் சேர்த்தார்கள். ஒரு நாள் மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைக் காணவில்லை. தேடித் தேடிப் பார்த்தார்கள். பாட்டிதான் ஒளித்து வைத்திருந்தாராம்! தம்மை ஈகிள் பிரிட்ஜ் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினாராம். மருத்துவர் சிரித்திருப்பார். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த டிசம்பர் 13-ஆம் நாள், 101-ஆவது வயதில் மோசஸ் பாட்டி இறந்தார். அவர் வரையப் பயன்படுத்திய மேசை இன்று பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகளுக்காகக் கம்பளி நூலில் படம் தைத்தாரே, அதே ஊரில்தான்.