கப்பல் இழந்த தலைவர்

பழி சுமப்பதிலும் கொடிது, அப்பழி தீருமா தீராதா என்று அறியாது காத்திருப்பது. அதனை நான் அனுபவித்தே அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன், காசேட்டுக் கணக்கில் வித்தியாசம் காணப்பட்டதென்று கூறி, விசாரணை முடியும்வரை என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். எட்டு மாதம் பாதிச் சம்பளம். எட்டு மாதமும் முழு வெட்கம். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் துறைமுகம் தெரியும். கந்தோருக்குச் செல்வோரின் சைக்கிள் மணி கேட்கும் காலை வேளையில் வீட்டிலிருக்கக் கூசி, மலையிறங்கி எங்கேனும் நடந்துவிடுவேன்.

அவ்வாறு நடந்த ஒருநாள், சிறுவயதில் எனக்குப் பாடஞ் சொல்லித் தந்த ஆசிரியர் ஐயா என்னை வழியிற் கண்டார். வேலை நேரத்தில் வீதியில் ஏன் நிற்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. என்னை அழைத்துக்கொண்டு புனித ஸ்தேவான் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று ஒரு கல்லறையைக் காட்டினார். அது சார்ள்ஸ் ஒஸ்டின் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தளபதியுடையது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியுடையது. அன்று அவரிடம் கேட்டதையும், பின்னர் நானே தேடிப் படித்ததையும் இங்கே சொல்லுகிறேன்.

சார்ள்ஸ் 1779ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்டீவன்ரன் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் எட்டு மக்களுள் இளையவராய்ப் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்விக்கூடத்திற் சேர்ந்தார். 1801இல், பகைக்கப்பலைப் பிடித்தமைக்குத் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் தமக்கையர் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகளும் பொற்சங்கிலிகளும் வாங்கினார். மான்ஸ்ஃபீல்ட் பார்க் என்னும் நாவலில் ஒரு மாலுமித் தமையன் கொண்டுவந்த சிலுவை வருவது இந்நினைவினாலேயே என்பர்.

1807இல் பெர்மியுடாத் தீவிற் பிறந்த பனி பாமர் என்பவளை மணந்தார். பின்னர் நேமர் என்னும் போர்க்கப்பலிற் பணியாற்றியபோது மனைவியையும் குழந்தைகளையும் கப்பலிலேயே உடன் வைத்திருந்தார். அக்கப்பலிலேயே, 1814 செப்டெம்பரில், நான்காம் மகளைப் பெற்றெடுத்த சில நாள்களுள் பனி இறந்தாள். அக்குழந்தையும் நெடுநாள் தங்கவில்லை. எஞ்சிய பெண்மக்கள் மூவரையும் மனைவியின் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, பீனிக்ஸ் என்னும் கப்பலின் தலைமையை ஏற்று மத்தியதரைக் கடலுக்குச் சென்றார்.

பெருந்துன்பம் அங்கேதான் அவரைத் தொடர்ந்தது. போர் முடிந்தபின் கிரேக்கத் தீவுகளிடையே கடற்கொள்ளையரைத் தேடித் திரிந்த பீனிக்ஸ், 1816 பெப்ரவரி 20ஆம் நாள், ஸ்மிர்னாவுக்கு அணித்தான கரையோரத்தில் புயலில் அகப்பட்டு உடைந்தது. கப்பலை இழந்த தலைவன் எவனாயினும் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டுமென்பது அக்கடற்படையின் விதி. குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒரே கூண்டில்தான் ஏறவேண்டும். வழிகாட்டிகளின் அறியாமையே விபத்துக்குக் காரணமென்று கண்டு, நீதிமன்றம் அவரைப் பழியினின்றும் முற்றாக விடுவித்தது.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் ஆசிரியர் ஐயா என்னை அங்கே அழைத்துச் சென்றிருக்கமாட்டார். பழி நீங்கியது, கப்பல் கிடைக்கவில்லை. நெப்போலியனுடனான போர் 1815இல் ஓய்ந்துவிட்டதால் கப்பல்கள் கலைக்கப்பட்டன. கடற்படை அதிகாரிகளிற் பெரும்பாலோர் அரைச் சம்பளத்துடன் கரையில் இருத்தப்பட்டனர். தலைவர்கள் மலிந்து கப்பல்கள் அருகிய அக்காலத்தில், கப்பலொன்றை இழந்தவரை அழைப்பார் யார்? அதே 1816 மார்ச்சில் தமையன் ஹென்றியின் வங்கி முறிந்து குடும்பத்தார் பணம் இழந்தனர். மறு ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தமக்கை ஜேன் மறைந்தார். வேலையும் மனைவியும் பொருளும் உடன்பிறப்பும் மூன்றாண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயின.

அவ்வெறுமையை அவர் எவ்வாறு கடந்தார்? பெரிய வீரச்செயல் எதுவும் அதில் இல்லை. தாயற்ற பெண்மக்களின் நோய்நொடிகளைப் பார்த்தார், உற்றாருடன் கூடி வாழ்ந்தார், நாட்குறிப்பு எழுதினார். 1820இல் கோர்ன்வால் கரையில், பாட்ஸ்ரோ என்னுமிடத்தில், கள்ளக்கடத்தலைத் தடுக்கும் காவற்பணி வந்தபோது அதை ஏற்றுக்கொண்டார். போர்க்கப்பலை நடத்தியவர் கரையோரத்தில் நின்று படகுகளைக் கண்காணித்தார். அதைத் தாழ்வென்று தள்ளவில்லை. அவ்வாண்டிலேயே பனியின் தமக்கை ஹரியற்றை மணந்தார். 1826இல் அவுரோரா என்னும் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது. பீனிக்ஸ் உடைந்து அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது.

அதன்பின் ஜமேக்காக் கடலில் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார். 1840இல் ஏக்கர் கோட்டை மீதான தாக்குதலில் பங்குகொண்டார். 1846இல் அட்மிரல் தரத்துக்கு உயர்ந்தார். 1850இல் கிழக்கிந்திய, சீனக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 அக்டோபர் 7ஆம் நாள், ஐராவதி நதியில் கப்பலொன்றில் வாந்திபேதியால் எழுபத்துமூன்றாம் வயதில் உயிர்நீத்தார். பிறர் நாட்டைப் பிடிக்கும் அப்போரை நாம் புகழ வேண்டியதில்லை. ஆயினும் அம்முதியவரைத் தம் நலம் பாராத நல்ல மனிதரென்று உடன் பணியாற்றியோர் நினைவுகூர்ந்தனர். அவருடல் நம் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டு இம்மண்ணில் அடக்கம் பெற்றது.

என் விசாரணையும் முடிந்தது. கூட்டலில் நேர்ந்த பிழையென்று கண்டு என்னைத் திரும்ப அழைத்தார்கள். பழைய மேசையே கிடைத்தது. சிலர் பார்த்த பார்வை மட்டும் பழையதன்று. குற்றமற்றவன் என்ற தீர்ப்பு ஒரு நாளில் எழுதப்படுவது. நம்பிக்கையோ நாட்கணக்கில் உழைத்தே மீட்கப்படுவது. அந்தக் கல்லறையைக் கண்டிராவிட்டால், அப்பார்வையைத் தாங்காமல் அவ்வாரமே நான் வேலையை விட்டு விலகியிருப்பேன். வந்த சிறு வேலைகளைச் செய்துகொண்டு இருந்தேன். மூன்றாம் ஆண்டில் காசேடு மீண்டும் என் கைக்கு வந்தது.

ஆசிரியர் ஐயா இன்றில்லை. சில காலத்துக்கு முன், எங்கள் அயலில் ஓர் இளைஞன், காலை வேளையில் வேலைக்குச் செல்லாமல் துறைமுகத்தையே பார்த்தவாறு நிற்கக் கண்டேன். காரணம் எதுவும் கேட்கவில்லை. வா தம்பி, சற்று நடந்துவிட்டு வருவோம் என்று அவனையும் அழைத்துக்கொண்டு மலையிறங்கினேன்.