29 வயசுக்குள் ஒரு பாட்டுக்கோட்டை

எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி, இன்டர்வியூவுக்குக் கிளம்பும் காலை, ஜிம்மில் கடைசி செட். இதுக்கெல்லாம் உங்க போனில் ஒரு பிளேலிஸ்ட் கண்டிப்பா இருக்கும். அதில் உள்ள மாஸ் பாட்டுகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஹீரோ தன்னைப் பற்றித்தான் பாடுவார். நான் வந்துட்டேன், நான் விழமாட்டேன், என்னைத் தொட முடியாது. கேட்கும்போது நமக்கும் முறுக்கேறும். பாட்டு முடிஞ்சதும் அந்த பவர் ஹீரோ கூடவே போயிடும்.

அந்த பவரைக் கேட்கிறவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு சினிமாப் பாட்டு எழுத முடியுமா? முடியும் என்று சில வருஷங்களுக்குள் எழுதிக் காட்டியவர் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

1930 ஏப்ரல் 13-ல், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைவு. வயல் வேலை, மாடு மேய்த்தல், மாம்பழ வியாபாரம், உப்பள வேலை என்று அவர் செய்த தொழில்களின் பட்டியல் நம்ம ரெஸ்யூமே மாதிரி ஒரு பக்கத்தில் அடங்காது.

அவர் வளர்ந்த தஞ்சை மாவட்டத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. நெல் விளையும் பூமி. ஆனால் நிலம் ஒருத்தரிடம், உழைப்பு இன்னொருத்தரிடம். கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகளும் பண்ணையாட்களும் போராடிய காலம் அது. 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த இயக்கத்தில்தான் இளைஞர் கல்யாணசுந்தரமும் இருந்தார். நாடகத்தில் நடித்தார். புதுச்சேரிக்குப் போய் பாரதிதாசனிடம் இருந்து பாட்டுத் தொழில் கற்றார். 1950-களின் நடுவில் சினிமாவுக்குள் வந்தார்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அவர் பாட்டில் பவர் எப்படி வந்தது?

முதலில் ஓசை. எதுகை, மோனை என்று ஸ்கூலில் படிச்சது ஞாபகம் இருக்கா? முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை: கை, கால், கஞ்சி. இரண்டாவது எழுத்து ஒத்து வந்தால் எதுகை: வயல், புயல். மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியதால் நமக்கு இது போர். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த அந்தக் காலத்தில், டென்ட் கொட்டகையில் ஒரு தடவை கேட்ட பாட்டு மறுநாள் வயலில் வாயில் வரணும்னா இந்த ஓசைதான் வழி. காகிதம் தேவைப்படாத மெமரி கார்டு என்று வெச்சுக்கலாம். கருத்து அதில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்துடும்.

இரண்டாவது, கேள்வி பதில். 1958-ல் எம்.ஜி.ஆர் இயக்கி நடித்த நாடோடி மன்னனில் டி.எம்.சௌந்தரராஜனும் பானுமதியும் பாடிய உழவர் பாட்டு ஒன்று உண்டு. சும்மா கிடந்த நிலத்தைத் திருத்தி விளைய வைத்த பெருமையை ஆண் பாடுகிறான். அதனால் நமக்கு என்ன மிச்சம் என்று பெண் கேட்கிறாள். கேட்பதோடு விடவில்லை. மாடு மாதிரி உழைக்கிறவனுக்கு ஏன் பசி வருது, இனி என்ன செய்யணும் என்று அடுத்தடுத்துக் கேட்கிறாள். உழைச்சவன் தேடிய செல்வம் வேறு இடத்தில் போய்ச் சேருது, அதுதான் காரணம் என்கிறான் அவன். பசிக்குது என்று புலம்பினால் வயிறு நிறையாது, யோசிச்சு மேலே வரணும் என்றும் சொல்கிறான். பொருளாதார வகுப்பில் ஒரு செமஸ்டர் எடுக்கும் பாடம். அவர் அதை மச்சானும் பொண்ணும் பேசிக்கொள்ளும் நாட்டுப்புற நடையில் முடிச்சுட்டார். கூர்மையான கேள்விகளெல்லாம் பெண் வாயிலிருந்து வருவதையும் கவனிங்க.

மூன்றாவது, ஏவல் வினை. செய், செய்யாதே என்று நேரா சொல்லும் வினைச்சொல். அதே படத்தில், தம்பியைத் தூங்கவிடாத பாட்டை நீங்க கேட்டிருப்பீங்க. பள்ளியில் தூங்கினவன், கடையில் தூங்கினவன், போரில் தூங்கினவன் எல்லாரும் எதை இழந்தார்கள் என்று வரிசையாக அடுக்குவார். ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வரும். கடைசியில் ஒரு திருப்பம். பொறுப்பில் இருக்கும் சிலர் தூங்குவதால், செய்ய வேண்டிய நல்ல வேலைகளே தூங்குது என்று முடிப்பார். தூங்குவது ஆள் என்று நினைச்சுக் கேட்டுட்டு இருந்தோம். இப்போ தூங்குவது நாட்டின் வேலை. தம்பிக்குச் சொன்ன புத்திமதி, அப்படியே அதிகாரத்தில் இருக்கிறவர்கள் மேல் வைத்த விமர்சனமாக மாறிடுது.

நான்காவது, யாரைக் கூப்பிடுகிறார் என்பது. அரசிளங்குமரி படத்தில் கூப்பிடுவது ஒரு சின்னப் பையனை. உடம்பு வளர்ந்தால் போதாது, அறிவும் வளரணும் என்று ஆரம்பிக்கும். மரத்தில் பேய் இருக்குன்னு பயமுறுத்துவாங்க, நம்பாதே என்று போகும். அப்படியே தனியுடைமையின் கொடுமை வரை வந்து நிற்கும். மேடையில் பேசினால் கனமாகத் தெரியும் ஒரு அரசியல் சொல், குழந்தையைக் கூப்பிட்டுச் சொல்லும் பாட்டில் லேசாக வந்து விழுது. பயத்தைத்தான் முதலில் எடுக்கணும், உரிமை பற்றிய பேச்சு அதுக்கப்புறம் என்ற வரிசையும் அதில் இருக்கு.

எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்க. பாடுவது பெரிய ஹீரோ. ஆனால் பாட்டில் வரும் ஆள் தம்பி, சின்னப் பையன், வயலில் நிற்கும் பெண். ஹீரோ பேசும்போதும் நமக்கு என்றுதான் பேசுகிறார். வினைச்சொல் எல்லாம் கேட்கிறவனுக்கு. நீ யோசி, நீ பயப்படாதே, நீ தூங்காதே.

இந்தப் பாட்டுகள் ஹீரோவுக்கும் உதவியது உண்மை. 1977-ல் முதலமைச்சரான எம்.ஜி.ஆர், தன் நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று சொன்னதாக இன்றும் பேசுவார்கள். அப்போ பவர் கடைசியில் ஹீரோவிடம்தானே போச்சு என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாற்காலியில் இருப்பவரையே கேள்வி கேட்கவும் அதே பாட்டு பயன்படும். பொறுப்பில் தூங்குகிறவர்கள் பற்றிய அந்த முடிவு யார் ஆட்சிக்கும் பொருந்தும். கேட்கிறவனுக்கு எழுதிய பாட்டுக்கு இதுதான் லாபம்.

1959-ல் ஸ்ரீதரின் கல்யாணப் பரிசு வந்தது. ஏ.எம்.ராஜா இசையில் பாட்டெல்லாம் இவர்தான் எழுதினார். காதலும் சோகமும் தனக்கு வரும் என்று காட்டினார். அதே வருஷம் அக்டோபர் 8-ல் இறந்துபோனார். வயசு 29. வீட்டில் ஒரு கைக்குழந்தை. சின்னப் பையனைக் கூப்பிட்ட அந்தப் பாட்டு வந்த அரசிளங்குமரி, குழந்தையிடம் திருட்டைப் பற்றிப் பேசும் பாட்டு வந்த திருடாதே, இரண்டும் 1961-லதான் திரைக்கு வந்தன. குழந்தைகளுக்கு அவர் சொன்ன புத்திமதியை ஊரே கேட்டபோது அவர் இல்லை.

இருப்பதெல்லாம் பொதுவாகணும் என்று எழுதியவர் அவர். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு பின்னாளில் நாட்டுடைமை ஆக்கியது. யார் வேணும்னாலும் பதிப்பிக்கலாம், பாடலாம், படிக்கலாம். இன்னிக்கே ஒரு பாட்டைத் தேடிக் கேளுங்க. கேட்கும்போது ஒன்றே ஒன்று பாருங்க: அதில் வரும் வேலையெல்லாம் யாருக்குச் சொல்லப்பட்டது? பதில் உங்களுக்கே தெரியும்.