மெட்டைக் கைவிடாத மின்னிசைஞர்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பாட்டென்றால் மெட்டு, மெட்டில்லையேல் பாட்டில்லை என்று எண்ணும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். அத்தகைய செவிகளுக்கு, மின்கருவிகளைக் கொண்டு சோதனை முறையில் இசைக்கப்படும் ஜாஸ் இசை முதலில் இரைச்சலாகவே தோன்றும். ஆனால் விந்தை பாருங்கள்! அவ்விசைக்கு வழி வகுத்தவர்களுள் தலையாயவர், மெட்டை உயிராய்ப் போற்றிய ஒருவர். அவரே அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ்.

1926 மே 26 அன்று இல்லினாய் மாநிலத்து ஆல்ட்டன் நகரில் ஒரு கறுப்பினப் பல் மருத்துவரின் மகனாகப் பிறந்தார். கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் வளர்ந்தார். சுரத்தை நடுங்க விடாமல் நேராக ஊத வேண்டும் என்று இளமையில் அவருடைய ஆசிரியர் கண்டிப்புடன் பழக்கினார். அந்த நேரான, தனிமை தோய்ந்த நாதமே கடைசிவரை அவரது அடையாளமாயிற்று.

1944-இல் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் சேர்ந்தார். இரவெல்லாம் சார்லி பார்க்கர் போன்ற மேதைகளைத் தேடி அலைந்தவர், மறு ஆண்டே படிப்பை விட்டார். தந்தையிடம் நேரில் சென்று சொல்ல, அவரும் தடுக்கவில்லை! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் என்ற முறையில், இச்செய்தியை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. வசதி படைத்த வீடு, அவரால் முடிந்தது.

ஹெராயின் என்னும் கொடிய போதைக்கு அடிமையாகி, 1954-இல் மீண்டார். 1959-இல் இரண்டே நாட்களில் பதிவான ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டு அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. மெட்டை நாடுவோர்க்கு அது விருந்து. அதே ஆண்டு ஆகஸ்டில், தாம் வாசித்துக் கொண்டிருந்த விடுதியின் வாசலில் நின்றதற்காகக் காவலர்கள் அவர் மண்டையை உடைத்தனர். புகழ் நிறத்தை மறைக்கவில்லை. அவரும் அப்பழுக்கற்றவர் அல்லர். மனைவியை அடித்ததைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியுள்ளார்.

அறுபதுகளின் இறுதியில் இளைஞர் கூட்டம் ராக் இசையின் பின்னே சென்றது. டேவிஸ் மின் பியானோவையும் மின் கிதாரையும் தம் குழுவில் சேர்த்தார். பணத்துக்காக விலை போனார் என்று பழைய ரசிகர்கள் தூற்றினர். பண ஆசை அறவே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பணம் மட்டுமே குறியானவர், ஏறத்தாழ 27 நிமிடம் ஓடும் ஒரே உருப்படியை இசைத்தட்டில் வெளியிடுவாரா? 1970-இல் வெளிவந்த ‘பிட்சஸ் ப்ரூ’ தொகுப்பின் தலைப்பு இசை அத்தகையது.

அவருடைய மாற்றத்தின் திறவுகோல் அதற்கு முன்பே, 1967-இல் பதிவான ‘நெஃபர்டிட்டி’ என்னும் உருப்படியில் கிடைக்கிறது. அதில் டிரம்பெட்டும் சாக்சபோனும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ்தான் கற்பனை செய்கிறார். மெட்டு நிலையாய் நிற்க, அதைச் சூழ்ந்த உலகம் மாறுகிறது!

1969 பிப்ரவரியில் பதிவான ‘இன் எ சைலன்ட் வே’ இதனினும் இனிது. ஜோ சாவினுல் எழுதி வந்த மெட்டிலிருந்து பெரும்பாலான சுரக்கட்டுகளை டேவிஸ் நீக்கிவிட்டார். கிதார் தயங்கித் தயங்கி அம்மெட்டைத் தொடங்குகிறது, பின் சாக்சபோன், பின் டிரம்பெட்டும் சேர்கிறது. நடுவே தாளம் மிகுந்த நீண்ட பகுதி. இறுதியில் முதற்பகுதியின் ஒலிநாடாவையே தயாரிப்பாளர் டியோ மசெரோ மீண்டும் ஒட்டி வைத்தார். பல்லவி திரும்பியது போல் இருக்கும். மெட்டை விரும்பும் நண்பர்கள் இங்கே தொடங்கலாம். அடுத்து, ‘பிட்சஸ் ப்ரூ’வின் கடைசி உருப்படியான ‘சாங்க்சுவரி’. அதிலும் சுற்றிலும் புயல் எழ எழ, டிரம்பெட் தன் மெட்டை விடாது பற்றி நிற்கும்.

பின்னர் டிரம்பெட்டையே மின்கருவியோடு இணைத்து, ‘வா வா’ என்னும் மிதிகட்டையால் ஒலியை மாற்றினார். ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் காலால் நகர்த்தும் வடிப்பான் அது. நம் ஆய்வகத்துப் பாடம்தான். 1972-இன் ‘ஆன் தி கார்னர்’ தட்டில் சித்தாரும், வங்காளத்தில் பிறந்த பாதல் ராயின் தபலாவும் ஒலிக்கின்றன. மெட்டு மிக அரிது. அதை நான் இன்னும் ரசிக்கக் கற்கவில்லை.

இடுப்பு நோயும் போதையும் வாட்ட, 1975-இல் மேடையை விட்டு விலகி, 1981-இல் திரும்பினார். கடந்து வந்த பழைய இசையை மீண்டும் வாசிக்கப் பல்லாண்டுகளாக மறுத்தவர், 1991 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் குவின்சி ஜோன்ஸ் நடத்த, நண்பர் கில் எவன்ஸ் அமைத்த பழைய மெட்டுகளை வாசித்தார். கடினமான இடங்களில் இளைஞர் வாலஸ் ரோனி துணைக்கு ஊதினார். மூன்று திங்கள் கழியுமுன், செப்டம்பர் 28 அன்று, கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் மறைந்தார்.