தொழில் மேதை ஜி. டி. நாயுடு



கோயம்புத்தூருக்கு அருகில் கலங்கல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. உலகம் அவரை ஜி. டி. நாயுடு என்று அறியும். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் உண்டாகவில்லை. சில வகுப்புகளோடு நின்றுவிட்டார். பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் இதனை எழுதலாமா என்று நீங்கள் வியக்கக்கூடும். நடந்ததை மறைத்து எழுதுவது அதனினும் தகாது.

ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் சென்றதைச் சிறுவர் துரைசாமி கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவது எப்படி? அவ்வியப்பு அவரைக் கோயம்புத்தூருக்கு இழுத்துச் சென்றது. அங்கே ஓர் உணவு விடுதியில் பணியாளராகச் சேர்ந்தார். இலை போட்டுப் பரிமாறி, காசு காசாகச் சேர்த்து, அந்த ‘ரட்ஜ்’ வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் புறப்படவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

பொறி ஒன்றைக் கழற்றுபவர் கையில் முதலில் அகப்படுவது திருகாணி. அது நுழையும் துளையின் உட்புறத்தில் சுருள் சுருளாக வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தை மரை என்பர். அம்மரையை வெட்டுவது எளிய வேலையன்று. முதலில் துளையிட வேண்டிய இடத்தைப் பஞ்சினால் குத்தி அடையாளம் செய்ய வேண்டும். இல்லாவிடில் துளைக்கும் அலகு வழுக்கி விலகும். துளையின் அளவு திருகாணியின் அளவை விடக் குறைந்திருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் திருகாணியின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால், 5 மில்லிமீட்டர் துளையே இட வேண்டும். துளை பெரிதானால் மரை பற்றாது. சிறிதானால் ‘டேப்’ என்னும் மரை வெட்டும் கருவி உள்ளேயே முறிந்துபோகும். இரும்பின் மீது எண்ணெய் விட்டு, கருவியை நேராக நிறுத்தி, ஒரு சுற்று முன்னே திருகினால் அரைச் சுற்றுப் பின்னே திருப்ப வேண்டும். அப்போதுதான் சீவல் உடைந்து வழி விடும்.

பால்மரம் வெட்டிப் பழகிய பெரியவர்களுக்கு இது நன்கு விளங்கும். மரத்தைச் சுற்றிச் சரிந்து இறங்கும் அந்தக் கோடும் ஒரு வகைச் சுருளே. கத்தி ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும். மேலாகச் சென்றால் பால் வராது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நம் சுங்கை பூலோவில் இந்தக் கை அளவு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதனைத் தொழில்நுட்பம் என்று சொல்லிக் கொள்ள நம்மவர்க்குத்தான் கூச்சம்.

பழங்காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறுபட்டது. ஒரு பட்டறையின் திருகாணி மற்றொன்றின் துளையில் ஏறாது. 1841-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் என்பவர், எல்லாரும் ஒரே அளவைக் கைக்கொள்ள வேண்டும் என்று 55 பாகைக் கோண மரையை வகுத்தளித்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை.

கழற்றிப் பூட்டக் கற்ற நாயுடு, 1920-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியுடன் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒன்று பலவாகி, யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937-ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து அவர் செய்த மின்மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று போற்றப்படுகிறது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கும் அதனைச் சூழ்ந்த பகுதிக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளிதான் இருக்கும். மூடியைப் பிணைக்கும் துளைகள் சற்றே விலகினாலும் ஒன்றோடொன்று உராய்ந்து கெடும். துளையும் மரையும் நேராக அமைவது எத்துணை இன்றியமையாதது என்பது இங்கே புலப்படும். மின்சார முகச் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, குறைந்த விலை வானொலி என அவர் ஆக்கியவை பல. 1952-ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறிய காரையும் செய்தார். இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கலாம் என்றார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது. தோல்வி என்று இதனைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்யத் தெரிந்தவருக்குச் செய்ய இசைவு கிடைக்காத நிலைக்கு வேறு பெயர் வேண்டும்.

பள்ளியை விட்டு விலகிய அவரே 1945-ஆம் ஆண்டில் பொருளுதவி செய்து கோயம்புத்தூரில் தொழிற்கல்விக் கூடங்கள் தோன்றக் காரணமானார். அன்று ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய பொறியியல் கல்லூரி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. பொறியியலை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்று அவர் வாதிட்டார். அரசு ஏற்கவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகினார். கைத்தொழிலுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்பதில் நான் அவர் கட்சி. படிப்பின் காலத்தைக் குறைப்பதில் மட்டும் நான் உடன்படுவதில்லை. 8 மில்லிமீட்டர் திருகாணியின் மரை இடைவெளி 1.25 எனில் துளை 6.75 என்று காண்பதற்குத் தசமக் கழித்தல் வேண்டுமே! நம் மாணவர் சிலர் அதனைக் கண்டாலே முகம் சுளிக்கின்றனர்.

1967-ஆம் ஆண்டில் பொதுமக்கள் பார்த்துப் பயன்பெறத் தொழிற் கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் இயற்கை எய்தினார். 2025-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நம் வட்டாரத்திலிருந்து பழனிக்கு நேர்த்திக்கடன் செலுத்தச் செல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பொள்ளாச்சி வழியாகச் செல்ல நேர்ந்தால், அவருடைய முதல் பேருந்து ஓடிய சாலை அதுவே என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.