விளக்கேந்திய மங்கையின் கணக்கு

குழந்தைகளே! குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லித் தென்காசி அம்மாக்கள் வற்புறுத்துவார்கள் அல்லவா? சுத்தம் உயிர் காக்கும் என்பதை எண்களால் நிரூபித்த ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்த ஆங்கிலேயர். சிறு வயதிலேயே கணக்கில் கொள்ளை ஆசை. நர்ஸ் வேலைக்குப் போக வீட்டில் எதிர்ப்பு. அவர் பின்வாங்கவில்லை.

1854-ல் கிரிமியப் போர். 38 பெண்களுடன் துருக்கியிலிருந்த ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். இரவில் விளக்கேந்தி நோயாளிகளைக் கவனித்ததை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஊர் திரும்பியதும் அவர் செய்த வேலை அதைவிடப் பெரியது. இறந்தவர்களின் கணக்கை ஆராய்ந்தார். காயத்தால் இறந்தவர்களைவிட, அசுத்தத்தால் பரவிய நோய்களில் இறந்தவர்களே மிக அதிகம்! அதிகாரிகளுக்கு ஒரே பார்வையில் புரியும்படி, அதை வண்ண வட்டப்படமாக வரைந்து காட்டினார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, வடிகால் உண்டா, எத்தனை பேர் இறந்தார்கள் என்றெல்லாம் விசாரித்தார். ஆண்டுதோறும் 1000 பிரிட்டிஷ் வீரர்களில் 69 பேர் இறப்பது 1863 அறிக்கையில் வெளிவந்தது. முகாம்களில் சுகாதாரம் மேம்பட்டதும் அது 18 ஆகக் குறைந்ததைப் பத்தாண்டுகளில் கணக்குக் காட்டினார். நம் கிராம மக்களுக்கும் நல்ல தண்ணீர் வேண்டுமெனத் தொடர்ந்து எழுதினார்.

1910-ல் மறைந்தார். அவர் பிறந்த நாளே உலக செவிலியர் நாள்.

உங்கள் வகுப்பில் இந்த வாரம் காய்ச்சலால் வராதவர்கள் எத்தனை பேர்? எந்தத் தெரு? ஒரு நோட்டில் குறித்து, ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்தத் தெருக் குழாயைக் கவனிக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடலாம்!